வாங்காத டிக்கெட்

பந்தாட்டம் பார்க்கக் காசு செலவாகும் என்பது எங்கள் தென்னேரிக்காரர்களுக்கு லேசில் புரியாத விஷயம். எங்களுக்குத்தான் ஏரி இருக்கிறதே! தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையன் ஏரி என்று இருந்தது, நாளடைவில் தென்னேரி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாசி பிறந்து தண்ணீர் உள்வாங்கத் தொடங்கியதும் கரையோரத்தில் மைதானம் தானாகவே முளைத்துவிடும். நாலு செங்கல் வைத்தால் இரண்டு கோல். கரைமேல் ஏறி உட்கார்ந்தால் காலரி. காற்றும் இலவசம், ஆட்டமும் இலவசம். பந்து தண்ணீரில் விழுந்தால் எடுத்து வருகிறவன் மட்டும் கொஞ்சம் நனைய வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 2018 மார்ச்சில், குடும்பத்தோடு சென்னைக்கு ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்கப் போய் வந்தேன். ஆன செலவையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நாவல் எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்பது என் மனைவியின் நெடுநாளைய அபிப்பிராயம். அதைப் பொய்யாக்க வேண்டும் என்றே பைசா விடாமல் எழுதினேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு இனம் விட்டுப் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆசை முதலில் என் பெண்ணுக்கு வந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பிப்ரவரியில்தான் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து, முதல் தடவையாகக் கோப்பை வாங்கி வந்திருந்தார்கள். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவள் ஏரிக்கரையிலேயே குடியிருந்தாள். பையன்கள் முதலில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எதிர் வீட்டுப் பையன்தான், "அவளும் ஆடட்டும், என் பக்கம் வரட்டும்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டான். அவளைவிட ஒரு வயது பெரியவன். வெறுங்காலோடு கோல் காப்பான். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் அவன் நின்றால் பந்து உள்ளே போவது துர்லபம்.

மார்ச் 10-ஆம் தேதி கோவாவில் நடந்த அரையிறுதியின் முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. இரண்டாவது ஆட்டம் 13-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, சென்னை நேரு ஸ்டேடியத்தில். "அப்பா, ஒரே ஒரு தடவை" என்றாள் பெண். தம்பிக்காரன் எட்டு வயது. ஆட்டத்தைப் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. அக்கா போனால் தானும் போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு குழந்தைகளையும் நடுராத்திரியில் நான் ஒருவனாக மேய்த்து வருவேன் என்ற நம்பிக்கை என் மனைவிக்கு இல்லை. ஆகவே, ஒரு டிக்கெட் என்று ஆரம்பித்தது நாலு டிக்கெட்டில் வந்து நின்றது.

தனியாள் ஆட்டம் பார்ப்பதற்கும் குடும்பம் ஆட்டம் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. தனியாள் ஒரு டிக்கெட் வாங்கினால் ஆயிற்று. திரும்பி வர ரயில் இல்லாவிட்டால் ஸ்டேஷன் பெஞ்சில் படுத்து விடியற்காலையில் வருவான். பசித்தால் ஒரு டீயோடு முடித்துக்கொள்வான். குடும்பம் அப்படியா? நாலு பேருக்கு நாலு மடங்கு ஆகும் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். உண்மையில் எட்டு மடங்கு ஆகிறது.

போகும்போது கவலை இல்லை. வாலாஜாபாத் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து கடற்கரை ரயில். பார்க் ஸ்டேஷன் வரை நாலு பேருக்கும் சேர்த்து எண்பது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. திரும்புவதுதான் சங்கடம். ஆட்டம் ஆரம்பிப்பது இரவு 8 மணிக்கு. வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷனில் பார்க்கிறவர்களுக்கு அது பிரமாதமான நேரம், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். எழுபது எண்பது கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டிய கிராமத்தானுக்கு அது நேரமே அல்ல. பத்து மணிக்கு மேல் வாலாஜாபாத் ரயிலை நம்பிக் குழந்தைகளோடு நிற்க முடியுமா? ஊரில் வாடகைக் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். காலியாக வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போக 2,400 ரூபாய்.

இதையெல்லாம் நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்:

"எதிர் வீட்டுப் பையனையும் கூட்டிக்கிட்டுப் போனா என்ன? வண்டியில நெருக்கி உட்கார்ந்தாப் போச்சு."

நியாயமான பேச்சு. கார் வாடகை நாலு பேருக்கும் அதேதான், ஐந்து பேருக்கும் அதேதான். ஒரு டிக்கெட்டும் கொஞ்சம் சாப்பாடும்தான் கூடுதல். ஆனால் பென்சிலும் கையுமாக இருக்கிறவனுக்கு அந்த நேரத்தில் ஓர் இனம் கூடினாலும் மலைப்பாக இருக்கிறது. "கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன்.

கேட்கவும் கேட்டேன். பையனின் தாயார் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு, கையில் மண்வெட்டியும் இடுப்பில் கூடையுமாக வந்துகொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். தெருவில் நிறுத்தி வைத்துச் சொன்னேன்:

"ஏம்மா, நாங்க பசங்களை மெட்ராஸுக்குப் பந்தாட்டம் பார்க்கக் கூட்டிக்கிட்டுப் போறோம். உன் பையனும் வரானா? டிக்கெட்டு, வண்டி, சாப்பாடுன்னு ஆளுக்கு ஆயிரம் ரூபா ஆகும் போலிருக்கு. வீடு வந்து சேர நடுராத்திரி ஆயிடும். மறுநாள் பள்ளிக்கூடம் வேற இருக்கு..."

அவள் என் முகத்தைப் பார்க்காமல், "வேணாம்ணா. அவனுக்கு என்னா மெட்ராஸ் ஆட்டம்? ஏரியில ஆடறதே போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பையன் திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து, "அவங்க அம்மா வேண்டாம்னுட்டா" என்றேன். அது பொய் அல்ல. ஆனால் "வேண்டாம்" என்ற பதிலையும் சேர்த்தே நான் கேள்விக்குள் வைத்துக் கொடுத்திருந்தேன். அவள் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்; வேறென்ன செய்வாள்?

செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். வெளியிலிருந்து கொண்டு போகும் சாப்பாட்டை ஸ்டேடியத்துக்குள் விடமாட்டார்கள் என்று என் மனைவி முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள். ஆகவே பார்க் ஸ்டேஷன் பிளாட்பாரத்து பெஞ்சிலேயே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்து முடித்தாள். பிறகு ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கமாக நடந்தோம். வழியில் நடைபாதையில் நீலச் சட்டை விற்றார்கள். இரண்டு சட்டை, 400 ரூபாய். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த மைதானத்தைப் பற்றி நடந்துகொண்டே குழந்தைகளுக்குக் கதை சொன்னேன். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்ற பெயரில் இருந்த காலத்தில், 1956 ஜனவரியில், வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்தது இங்கேதான். டெஸ்ட் ஆட்டங்களில் 2008 வரை அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. பிறகு 1993-இல் புதிதாகக் கட்டி, நேரு கோப்பைக் கால்பந்து நடத்தினார்கள். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பெண், "கணேஷ் இன்னிக்கு ஆடுவாராப்பா?" என்று கேட்டாள். சரித்திரத்துக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்!

கணேஷ் ஆடினார். தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை. அந்த ஸ்டேடியத்திலிருந்து வியாசர்பாடி கூப்பிடு தூரம். புல் இல்லாத மைதானங்களில் பந்தை உதைத்து வளர்ந்த பையன்களுக்குப் பேர்போன பேட்டை அது. 26-ஆவது நிமிஷத்தில் மிஜோரம்காரர் ஜேஜே ஒரு கோல் போட்டார். கூட்டம் எழுந்து கத்தி, உட்காருவதற்குள், 29-ஆவது நிமிஷத்தில் கணேஷ் இன்னொன்று போட்டார். அப்போது எழுந்த சத்தம் முன்னதைப்போல இல்லை. அது நம் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறினால் எழும் சத்தம். என் மனைவிகூட எழுந்து நின்று கை தட்டினாள். பெண் என் காதருகில் குனிந்து, "அவன் பார்த்திருந்தா செத்தே போயிருப்பான்ப்பா" என்றாள்.

எவன் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ வராமற்போன ஆளின் நாற்காலி ஒன்று ஆட்டம் முடிகிற வரையில் காலியாகவே கிடந்தது. 90-ஆவது நிமிஷத்தில் ஜேஜே மறுபடியும் ஒன்று போட்டு 3-0 ஆக்கியபோது, பையன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வீடு வந்து சேரும்போது மணி ஒன்று. கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 4,100 ரூபாய். இதில் டிக்கெட்டின் பங்கு கால்வாசிகூட இல்லை.

இங்கிலாந்தில் 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி ஒரு சம்பவம் நடந்தது. லிவர்பூல் அணியார் மறு வருஷத்துக்கு ஒரு வகை டிக்கெட்டின் விலையை 77 பவுன் ஆக்கப் போவதாக அறிவித்தார்கள். சண்டர்லாந்தோடு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, சரியாக 77-ஆவது நிமிஷத்தில், ஏறக்குறைய பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அப்போது 2-0 என்று முன்னால் இருந்த லிவர்பூல் கடைசியில் 2-2 என்று முடித்தது. நாலைந்து நாளைக்குள் விலை உயர்வையும் வாபஸ் வாங்கினார்கள். படிக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து வெளியே போவதற்கு முதலில் உள்ளே இருக்க வேண்டும் அல்லவா? எங்கள் பக்கத்தில் டிக்கெட் விலை யாரையும் தடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தூரம் தடுக்கிறது, ஆட்டம் நடக்கும் நேரம் தடுக்கிறது, மறுநாள் வேலை தடுக்கிறது. இவற்றின் விலையை யாரிடம் போய்க் குறைக்கச் சொல்வது?

இன்னொரு கணக்கும் அந்த ராத்திரி போட்டேன். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளைக்கு 205 ரூபாய். 4,100-ஐ 205-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் இருபது வருகிறது. எதிர் வீட்டு அம்மாள் இருபது நாள் மண் வெட்டினால் நாங்கள் பார்த்த ஆட்டம். அவளிடம்தான் "ஆளுக்கு ஆயிரம் ரூபா" என்று தெருவில் நிறுத்திச் சொல்லியிருந்தேன். அவள் காதில் அது எத்தனை நாளாக விழுந்திருக்கும் என்பது வகுத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் பையன் வேலி ஓரமாக வந்து நின்றான். டீக்கடையில் யாருடைய போனிலோ ஆட்டம் முழுவதும் பார்த்துவிட்டிருந்தான். கோல் விழுந்த விதமெல்லாம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் பெண்ணிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்:

"புல்லு நெஜமாவே அவ்ளோ பச்சையா?"

"ஆமாண்டா" என்றாள் அவள். அதற்குமேல் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை, 17-ஆம் தேதி, பெங்களூரில் இறுதி ஆட்டம். எங்கள் வீட்டு டெலிவிஷனில் பார்க்க வந்தான். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். சென்னை 3-2 என்று ஜெயித்தது. "அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். அடுத்த பருவத்தில் சென்னை அணி கடைசி இடத்துக்குப் போயிற்று. எங்கள் வீட்டிலும் உற்சாகம் குறைந்தது. வாக்கு அப்படியே நின்றுபோயிற்று. அவனும் நினைவூட்டவில்லை.

இப்போது அவன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். 2025 ஜனவரியில் ஒருநாள் சாயங்காலம் வந்து நின்றான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை வேற வேலை வச்சிக்காதீங்கன்னு சொல்ல வரல. வர்ற வாரம் ஸ்டேடியத்துல ஆட்டம் இருக்கு. அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்களும் அத்தையும் வாங்க. நாலு டிக்கெட் எடுத்துட்டேன்."

எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எதில் போகிறோம் - ஒரு வார்த்தை கிடையாது. மறுப்பதற்கு அவன் இடமே வைக்கவில்லை. ஒருவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதை, ஐம்பதைத் தாண்டிய பிறகு, அவனிடம் கற்றுக்கொண்டேன்.

போனோம். அவனுடைய தாயார் வழியெல்லாம் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். படி ஏறி மேலே போனதும் வெளிச்சத்தில் மைதானத்தைப் பார்த்தவள், "அடேயப்பா, புல்லா இது!" என்றாள். பையன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அன்றைக்கு ஆன செலவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.