கிடாக்கொம்புக் கைப்பிடி

பருத்த சக்கரமுள்ள மலை சைக்கிளில் பல்லாண்டு கிளைக் கிராமங்களைச் சுற்றிவந்த நாம், அண்மையில் கிடாக்கொம்பென வளைந்த கைப்பிடியுள்ள சாலை சைக்கிளுக்கு மாறினோம். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தார்ச்சாலைதானே, மலையேது?

வளைவின் அடியைப் பற்றிக் குனிந்தே ஓட்டவேண்டும் என்பது நம் எண்ணம். உடற்பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கிற்று. கழுத்து நொந்ததைப் பொறுத்தோம். ஆனால் ஒருநாள் திருப்பலியில் கிண்ணத்தை உயர்த்தியபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தன! உண்மையாகவே அஞ்சினோம். உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்கியதன் விளைவு என்றார் மருத்துவர்.

சைக்கிள் பழுதுபார்க்கும் தம்பியோ, “கீழ்ப்பிடி எதிர்காற்றுக்குத்தான் சாமி. மத்த நேரம் பிரேக்கோட ரப்பர் மேட்டுல கை இருக்கட்டும், முழங்கையை மடக்குங்க” என்று சொல்லி, கைப்பிடியை இரு விரற்கடை உயர்த்தி இருக்கைக்கு அருகே கொணர்ந்தார்.

இன்னோர் இடரும் உண்டு. பழைய கைப்பிடி 75 செ.மீ. அகலம், இது 42 செ.மீ. தான். சிற்றசைவுக்கும் திரும்பிவிடும். சிமெண்டு லாரிகள் விரையும் சாலையில் இது விளையாட்டன்று. ஆகவே விடியலில் ஆளில்லாக் கிளைச்சாலையில் இரு வாரம் பழகினோம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றவும் கற்றோம்.

விரல்கள் மீண்டுவிட்டன. கழுத்து மட்டும் இன்னும் வழக்காடுகிறது. ஏலாக்குறிச்சிப் பயணத்தை அடுத்த மாதத்திற்குத் தள்ளியிருக்கிறோம்.