பழவங்காடி வழியாகக் கல்லூரிக்கு

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் பஸ்களின் இரைச்சலையும் மீறிக் கேட்பது தேங்காய் சிதறும் ஓசை. பரீட்சை, நேர்முகத் தேர்வு, கோர்ட் கேஸ், புது ஸ்கூட்டர் என்று எதற்கும் பழவங்காடிக் கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் இந்த ஊரார் கிளம்புவார்கள். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் கூட்டத்தில் பாதிப் பேர் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும், அவர்களைவிடப் பதற்றமான பெற்றோரும்தான்.

கோயிலை நிர்வகிப்பது தேவஸ்வம் போர்டு அல்ல, இந்திய ராணுவம். திருவிதாங்கூரின் நாயர் படை வழிபட்ட பிள்ளையார் இவர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையோடு அவரும் இடம் பெயர்ந்தார் என்கிறது கோயில் வரலாறு. பத்மநாபபுரம் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்குள்ள அரண்மனை மட்டும் கேரள அரசின் வசம். இந்தப் பக்கத்து எல்லைக்கோடு கொஞ்சம் கோணல்தான்.

நாகர்கோவிலிலிருந்து அக்காள் மகளை அழைத்துக்கொண்டு நான் வந்தது யுனிவர்சிட்டி கல்லூரியைப் பார்க்க. அவளுக்குத் தத்துவம் படிக்க வேண்டும். "அதைப் படிச்சா யாரு சோறு போடுவா?" என்று கேட்டதோடு அத்தான் ஒதுங்கிக்கொண்டார். அக்காளின் கவலை வேறு. 2019 ஜூலையில் அந்தக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவர் கத்தியால் குத்தப்பட்டார். எஸ்.எஃப்.ஐ. கிளைப் பொறுப்பாளர்களே கைதானார்கள். அமைப்பே அந்தக் கிளையைக் கலைத்தது. அக்காள் அந்தச் செய்தியை மறக்கவில்லை. "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

பழவங்காடியிலிருந்து எம்.ஜி. ரோடு வழியே நேர் வடக்கே நடந்தால் கல்லூரி. ஆட்டோ வேண்டாம் என்றாள். எதிரே சாலைக் கடைத்தெரு; திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. இங்கே கடை வைத்திருந்துகொண்டே தமிழில் கதை எழுதியவர் ஆ. மாதவன். 2015-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். அங்கே நின்று காதைக் கொடுத்தால் மலையாளத்துக்கு நடுவே தமிழும் விழும். தோவாளைப் பூ இந்த ஊருக்கு வருவது நிற்காதவரை இந்தத் தெருவில் தமிழும் நிற்காது.

மேம்பாலம், ஆயுர்வேதக் கல்லூரி, புளிமூடு, தலைமைச் செயலகம். ஒவ்வொன்றாகத் தாண்டும்போது அவளுக்கு ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பெ. சுந்தரம் பிள்ளை. ஆலப்புழையில் 1855-ல் பிறந்தவர். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இலவசப் பள்ளியாகத் தொடங்கி, 1866-ல் கல்லூரியான மகாராஜா கல்லூரியில், அதாவது இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரியில், படித்தார். பிறகு அங்கேயே தத்துவப் பேராசிரியரானார். 1891-ல் வெளியான அவருடைய 'மனோன்மணீயம்' நாடகத்தின் வாழ்த்துப் பாடலிலிருந்துதான் 1970-ல் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்தது. திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த மனிதர், 42 வயதில் 1897-ல் காலமானார்.

"அப்போ நம்ம பக்கத்து யுனிவர்சிட்டி?" என்று கேட்டாள். 1990-ல் நெல்லையில் தொடங்கிய பல்கலைக்கழகம் அவர் பெயரில் இருக்கிறது. நாகர்கோவிலில் பெரும்பாலான கலைக் கல்லூரிகள் அதனோடு இணைந்தவை. உள்ளூரில் சேர்ந்தால் பட்டச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கும். இங்கே சேர்ந்தால் அவர் பாடம் நடத்திய கல்லூரியில் உட்காரலாம். இரண்டில் எது மேல் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகர். அதன் பிறகும் அந்தத் தடம் சட்டென அழிந்துவிடவில்லை. யுனிவர்சிட்டி கல்லூரியில் தமிழ் கற்பித்த ஜேசுதாசன், அவர் மனைவியும் 'புத்தம் வீடு' நாவலாசிரியருமான ஹெப்சிபா, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன் என்று தமிழ் எழுத்துக்கு இந்த ஊர்க் கல்லூரிகள் தந்தவர்கள் கொஞ்சம் பேரல்ல. இன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் ராத்திரி முழுக்க ரயிலேறுகிறார்கள். 70 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் தூரமாகத் தெரிகிறது.

கல்லூரி வந்துவிட்டது. வெள்ளைக் கொடியில் சிவப்பு நட்சத்திரம், போஸ்டர்கள், பேனர்கள். அக்காள் பார்த்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பாள். எனக்கும் நெஞ்சு லேசாக அடித்தது. ஆனால் பிள்ளைகள் வாய் திறந்தால் அபராதம் போடும் கல்லூரிகளையும் பார்த்தவன் நான். அங்கே கத்தி இல்லை, கேள்வியும் இல்லை. 2019-க்குப் பிறகு மற்ற மாணவர் அமைப்புகளும் இங்கே கிளை தொடங்கின. கத்தி வெளியே போய்விட்டது என்று அதை வைத்து அக்காளிடம் சத்தியம் செய்ய முடியாது. இந்தியாவின் தேசியத் தரவரிசையில் பல ஆண்டுகள் முதல் 30 கல்லூரிகளுக்குள் வந்த இடம் என்று சொல்லலாம்.

மரத்தடியில் நின்ற இரண்டு மாணவிகளிடம் மருமகளே போய்ப் பேசினாள். அவள் தமிழில் கேட்க, அவர்கள் மலையாளத்தில் சொல்ல, ஒருவருக்கும் தடங்கல் இல்லை. கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு வந்திருக்கிறது, மூன்றாண்டு முடித்தும் பட்டத்தோடு வெளியேறலாம், விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரத்தில் ஆன்லைனில் என்பதையெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் 1829-ல் தொடங்கிய பொது நூலகம் இருப்பதையும்தான். கொடியைப் பற்றியும் கேட்டாயா என்றேன். "கேட்டேன் மாமா. வகுப்புக்குப் போகணுமா ஊர்வலத்துக்குப் போகணுமான்னு தினமும் நானே முடிவு பண்ணணுமாம்."

திரும்பும் ரயிலில், விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக எதைப் போடுவது என்ற பேச்சு நெய்யாற்றங்கரை தாண்டியும் நீண்டது. பாறசாலையில் அக்காளின் போன் வந்தது.

"மக்ளே, நீயே சொல்லு" என்று போனை அவளிடம் கொடுத்தேன்.