தோட்டத்துச் சைக்கிளில் பினாங்குப் பட்டணம்

ரப்பர் நிரைகளுக்கு நடுவிலும் செம்பனை மரங்களுக்கு இடையிலும் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் நாம். முன்னால் பிள்ளை, பின்னால் அரிசி மூட்டை என்று ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டிலும் மிதிப்போம். ஆனால், பட்டணத்துச் சாலை என்றால் கை நடுங்குகிறது. வேலைக்குப் போகும் பிள்ளை சைக்கிளை லயத்துச் சுவரில் சாத்திவிட்டுப் போகிறான். அவனை ஓட்டிப்போகச் சொல்லத் தாய்க்கும் மனம் வருவதில்லை.

அந்தப் பயம் வீண் பயமன்று. ஆனாலும் படிப்படியாகப் பழகினால் அதை வெல்லலாம். வாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுனைச் சுற்றி வருவோம்.

முதற்பாடம் தோட்டத்துத் திடலிலேயே இருக்கிறது. வலத்தோளுக்கு மேல் பின்னால் திரும்பிப் பாருங்கள்; சைக்கிள் வளையாமல் நேராகப் போக வேண்டும். பிறகு ஒரு கையை நீட்டிச் சைகை காட்டி ஓட்டுங்கள். இவை இரண்டும் கைவந்த பிறகே பட்டணத்தை நினையுங்கள். இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்க வேண்டும். தலைக்கவசம் அவசியம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும்.

1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் சைக்கிள் ஓட்ட அனுமதியில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பெரியில்தான் போக வேண்டும். 1894இல் தொடங்கிய சேவை அது. 2023இல் வந்த புதிய பெரிகளில் கார்களுக்கு இடமில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் போகலாம்.

கரை இறங்கியதும் வெல்ட் கீ சாலை. பஸ்ஸும் லோரியும் ஓயாத இடம். இங்கே வீரம் வேண்டாம். இறங்கி, நடப்பவர்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்து விடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. லோரிக்கு இடப்பக்கமாக மட்டும் எப்போதும் நுழையாதீர்கள். அது இடப்பக்கம் திரும்பும்போது ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

அடுத்தது பீச் ஸ்திரீட். பேங்குகள் நிறைந்த தெரு என்பதால் ஞாயிறு காலையில் அமைதியாக இருக்கும். பழகுவதற்கு ஏற்ற இடம். ஒருவழிப் பாதைகள் இங்கு அதிகம்; அம்புக்குறியைப் பார்த்துச் செல்லுங்கள். சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். அதற்காக நிறுத்திய கார்களை ஒட்டிப் போகாதீர்கள். திடீரென்று கதவு திறந்தால் தப்ப, ஒரு மீட்டராவது தள்ளி ஓட்டுங்கள். கார்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வெளியே வருவதும் ஆபத்து. மழை பெய்தால் சாக்கடை மேலுள்ள இரும்புக் கம்பிகள் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பாதீர்கள்.

தெருவின் கோடியில் அறுபதடி உயர மணிக்கூண்டு நிற்கிறது. விக்டோரியா ராணி அரசாண்ட அறுபது ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஓர் அடி என்று கணக்கிட்டுக் கட்டியது. அதைத் தாண்டினால் கடலோரத் திடல். அங்கே சற்று இளைப்பாறுங்கள்.

பிறகு லிட்டில் இந்தியாவுக்கு வாருங்கள். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தெருவில் போகும் திரிஷாக்காரரைக் கவனியுங்கள். கார்களுக்கு நடுவில் பாரத்தோடு மிதிக்கிறார். அவசரப்படுவதில்லை, வளைந்து நெளிவதில்லை. திரும்பப் போவதை முன்கூட்டியே காட்டுகிறார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று பின்னால் வருபவருக்குத் தெரிகிறது. அதனால் வழி விடுகிறார். பட்டணத்தில் சைக்கிள் ஓட்டும் இரகசியம் இதுதான். வேகமோ துணிச்சலோ நம்மைக் காப்பதில்லை. நாம் பிறர் கண்ணில் படவேண்டும்; நம் போக்கு அவர்களுக்குப் புரியவேண்டும்.

இதே வழியில் நான்கைந்து ஞாயிறுகள் ஓட்டுங்கள். பிறகு ஒரு வாரநாள் காலையில், வேலைக்குப் போகும் வழியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை பழகிய ஒருவர் பின்னால் வரட்டும். பிள்ளை பட்டணத்துக்குப் புறப்படும்போது 'பத்திரம்' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கூடவே ஒரு ஞாயிறு போய், எது பத்திரம் என்று காட்டிக் கொடுங்கள்.