மச்சானுக்கு ஒரு துப்பாக்கி

பட்டாபிராம்ல குடியிருக்கேன்னு சொன்னா வெளியூர்க்காரங்க முகத்துல திடீர்னு ஒரு மரியாதை வரும். "ஓ, மிலிட்டரி ஏரியாவாச்சே!" என்னவோ நாங்கல்லாம் காலைல டாங்க் மேல ஏறிப் போய்த்தான் ஆவின் பால் வாங்கறோம்ங்கற மாதிரி. அவங்களைச் சொல்லியும் குத்தமில்லை. ரயில்வே ஸ்டேஷன் பேரே 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்'. பக்கத்துல ஆவடியில இருக்கற ஹெச்.வி.எஃப்.ல விஜயந்தாவில ஆரம்பிச்சு அர்ஜுன் வரைக்கும் டாங்க் செஞ்சிருக்காங்க. இன்னொரு ஃபேக்டரியில ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கறாங்க. இப்ப 2024ல் 21 மாடி டைடல் பார்க் வேற வந்தாச்சு. ஆனா துப்பாக்கி? அது திருச்சியில, கான்பூர்ல, வங்காளத்து இச்சாப்பூர்ல. இங்கே இல்லை.

இதை என் மச்சானுக்குப் புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. மச்சான்னா வீட்டுக்காரம்மாவோட தம்பி. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போற பக்கம் மூணு ஏக்கர், ராகி போட்டிருக்கான். காட்டெல்லையிலிருந்து அரை கிலோமீட்டர் கூட இருக்காது. போன வருஷம் அறுப்புக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது பன்னிக் கூட்டம் வந்து ஒரே ராத்திரியில ஒரு ஏக்கரை உழுதுட்டுப் போயிருச்சு. மிச்சத்தை யானை பாத்துக்கிச்சு. அவன் ஃபோன்ல கேட்டான்: "மாமா, ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். நீங்க மிலிட்டரி ஏரியாவுல இருக்கீங்களே, எது நல்லதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. கூடவே அப்பப்ப முயல் கியல் கிடைச்சாலும்..."

கடைசி வாக்கியத்துல அக்காவுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கிட்டான். அது கேட்டுருச்சுங்கறது வேற கதை :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நாமதான் எதையாவது நோண்ட ஆரம்பிச்சா விடமாட்டோமே. ஒரு வாரம் ஆயுதச் சட்டத்தைக் கட்டிக்கிட்டு அழுதேன்.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல 13ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. சுருக்கமா: பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ வேணும்னா 20 இஞ்சுக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரி போடாத வழவழ துப்பாக்கி. பயிர்க் காவலுக்குன்னா வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. அது போதாதுன்னு அதிகாரிக்குத் தோணினா வேற வழவழக் குழல் துப்பாக்கி கொடுக்கலாம். ஆக, சட்டமே உழவனுக்கு முதல்ல நீட்டறது நாட்டுத் துப்பாக்கியைத்தான். ஒரு தடவை சுட்டா மறுபடி மருந்து, பஞ்சு, ரவை எல்லாம் போட்டுக் குச்சியால இடிச்சு, கேப்பு வெச்சு... அதுக்குள்ள பன்னி பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். ஆனா உரிமம் இல்லாம அதே துப்பாக்கியை வெச்சிருந்தா? 2019 திருத்தத்துக்கு அப்புறம் 2 வருஷத்துக்குக் குறையாத தண்டனை, 5 வருஷம் வரைக்கும் போகலாம். கிழங்கு மலிவா 'பால்ரஸ்' குண்டு போட்டு ஒண்ணு செஞ்சு தர்றேன்னு யாராவது சொன்னா ஓடிருன்னு மச்சான்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன்.

அடுத்தது 12 போர் ரெட்டைக்குழல். இந்தப் பேருக்கு அர்த்தம் எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் குழலோட அகலம். தோட்டாவுக்குப் பேரு சக்திமான், புனே கட்கியில செய்யறாங்க. (நமக்கெல்லாம் சக்திமான்னா ஞாயித்துக்கிழமை தூர்தர்ஷன்தான்.) என் கணக்குல விவசாயிக்கு இதுதான் சரி. ரவை சிதறும், நாப்பது மீட்டருக்கு மேல வேகம் செத்துரும், அதனால அடுத்த வயல்ல காவலுக்குப் படுத்திருக்கிற ஆள் மேல தவறிப் பாயற ஆபத்து கம்மி.

.315 ரைஃபிள் அப்படியில்லை, குண்டு எங்கேயோ போய் நிக்கும். பட்டாளத்து .303ஐ சாதாரண ஜனங்க வெச்சிக்கக்கூடாதுங்கறதால வந்த மாத்து ஏற்பாடு இந்த .315. பாக்க அம்சமா இருக்கும், பன்னிக்கும் போதும், ஆனா பட்டிக்காட்டு இருட்டுல எனக்குப் பயம். .32 ரிவால்வரை மச்சான் ரொம்ப ஆசையாக் கேட்டான். 2014ல் கான்பூர்ல 'நிர்பீக்'னு லேசா ஒண்ணு பெண்களுக்குன்னே கொண்டுவந்தாங்க, விலை லட்சத்துக்கு மேல. பாய்ஞ்சு வர்ற பன்னிக்கு முன்னாடி அது விசில் மாதிரி. விசில் விலை பத்து ரூபா.

இங்கே கென்னத் ஆண்டர்சன் ஞாபகம் வராம இருக்குமா? மச்சான் ஊருக்குப் பக்கத்து ஜவளகிரிதான் அவரோட ஆட்கொல்லிப் புலிக் கதைகள்ல ஒண்ணு நடந்த இடம். பெங்களூர்லேருந்து கிளம்பி வருவார், கையில .405 வின்செஸ்டர், 1895 மாடல். கைப்பிடிக்குக் கீழ இருக்கிற லீவரை இழுத்து இழுத்துச் சுடற ஜாதி. அந்தக் கதைகளைப் படிச்சவனுக்கு துப்பாக்கிதான் ஹீரோன்னு தோணும். திரும்பப் படிச்சுப் பாருங்க. பக்கம் பக்கமா அவர் செய்யறது கால்தடம் பாக்கறது, ஊர்க்காரங்ககிட்ட பேசறது, மரத்து மேல கொசுக்கடியில உட்கார்றது. சுடறது ஒரு பத்தி. அதுவும் அன்னிக்கு வேட்டைக்கு அனுமதி இருந்துச்சு.

இன்னிக்கு? 1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் வந்ததோட அந்தக் கதை முடிஞ்சது. மச்சானோட முயல் ஆசைக்கு அங்கேயே சமாதி. பன்னியும் இப்ப இரண்டாம் அட்டவணையில இருக்கு. அதாவது பயிர்க் காவலுக்குன்னு துப்பாக்கி உரிமம் வாங்கலாம், ஆனா பயிரைத் தின்ன வந்த பன்னியைச் சுட அந்த உரிமம் அனுமதி இல்லை! வானத்தைப் பாத்து டுமீல்னு ஒண்ணு விடலாம், அவ்வளவுதான். உயிருக்கே ஆபத்துன்னா, நல்லெண்ணத்தோட தற்காப்புக்குக் கொன்னா குத்தமில்லைன்னு 11ஆம் பிரிவு சொல்லுது. ஆனா அந்த நேரத்துல நீங்க வேற எந்தச் சட்ட மீறலும் பண்ணிக்கிட்டிருக்கக் கூடாது, செத்த மிருகம் சர்க்கார் சொத்து.

கேரளாவுல 2022ல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள ஆட்களை வெச்சு பன்னியைச் சுட வழி பண்ணினாங்க. குடகுல கொடவர்களுக்கு உரிமமே தேவையில்லைங்கற விலக்கு 2029 வரைக்கும் இருக்கு. நம்ம ஊர்ல 2025 ஜனவரியில அறிவிச்சது இப்படி: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள தொடக்கூடாது. 1லிருந்து 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடலாம். 3க்கு மேலன்னா சுடலாம், ஆனா சுடறது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள், நாம இல்லை. மச்சான் வயல் அரை கிலோமீட்டர். கணக்கு முடிஞ்சது. காட்டுப் பக்கத்துல இருக்கிறவனுக்குத்தான் நஷ்டம் ஜாஸ்தி, அவனுக்குத்தான் வழியும் அடைப்பு. காடு மிருகத்தோடதுங்கற நியாயம் எனக்குப் புரியுது. மூணு ஏக்கர்ல ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வைக்கிறவன்கிட்ட அந்த நியாயத்தை ஃபோன்ல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.

இந்த ஆராய்ச்சி நடுவுல ஒருநாள் ஆவடி ஸ்டேஷன் பக்கம் பாசிமணி விக்கிற ஒரு நரிக்குறவர் பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். என் சின்ன வயசுல இவங்க தோள்ல நீளத் துப்பாக்கியோட தண்டவாளத்து ஓரமா நடந்து போவாங்க, இடுப்புல கொக்கும் காடையும் தொங்கும். இந்தப் பக்கத்துல நிஜமாவே வேட்டைத் துப்பாக்கி தெரிஞ்சவங்க டிப்போக்காரங்க இல்லை, இவங்கதான்.

"எந்தத் துப்பாக்கி நல்லது தாத்தா?"

சிரிச்சார். "கண்ணி நல்லது சாமி. துப்பாக்கி சத்தம் போடும். ஒண்ணு விழும், நூறு பறந்துரும்."

அவர்கிட்ட ஒத்தக்குழல் இருந்துச்சாம். அப்பாவோடது. குழலைக் கையால அளந்து காட்டினார், மருந்து எவ்வளவுன்னு உள்ளங்கையைக் குழிச்சுக் காட்டினார், காத்து எந்தப் பக்கம்னு எச்சில் விரலைத் தூக்கிக் காட்டினார். பேசப் பேச கிழவரோட முதுகு நிமிர்ந்துச்சு. அப்புறம் கேஸ் போடறாங்கன்னு பயந்து எப்பவோ ஸ்டேஷன்ல கொடுத்துட்டாராம். "பசங்க எல்லாம் இப்ப படிக்குது சாமி." 2023 ஜனவரியில இவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்த்தாச்சு. பேரனுக்குச் சான்றிதழ் வாங்கணும்னு அலைஞ்சுக்கிட்டிருக்கார். பன்னிக்கு என்ன வழின்னு கேட்டேன். "தூங்காம இருக்கணும் சாமி, வேற என்ன?" ரெண்டு பாசிமணி வாங்கினேன். வீட்டுல போட மாட்டேன்னுட்டாங்க.

மச்சானுக்கு விவரம் எல்லாத்தையும் சொன்னேன். ஏ-1 படிவம், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று, கலெக்டர் ஆபீஸ் நடை, தேர்தல் அறிவிச்சா பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், தேர்தல்னு பன்னி லீவு எடுக்காது. கண்டிப்பா வேணும்னா 12 போர், ரிவால்வர் வேண்டவே வேண்டாம். வயல்ல கரண்ட்டுக் கம்பி மட்டும் கட்டிராதேன்னு கெஞ்சினேன். 2023 மார்ச்சுல மாரண்டஹள்ளி பக்கத்துல அப்படித்தான் மூணு யானை செத்து, ரெண்டு குட்டி அம்மா இல்லாம நின்னுச்சு. அவுட்டுக்காயும் வேண்டாம், பன்னிக்கு வெச்சதை யானைக்குட்டி கடிச்சு வாய் கிழிஞ்சு சாகும்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப என்னதான் மாமா பண்றது?"ன்னான். கோபம் இல்லை, அதான் கஷ்டமா இருந்துச்சு.

இப்போதைக்கு பக்கத்து வயல்காரங்க நாலு பேரோட சேர்ந்து சோலார் வேலி போடலாம்னு பேசிக்கிட்டிருக்கான். அதுக்கும் 2023லிருந்து விதி வந்திருக்கு, பதிவு பண்ணணும். பணத்துக்கு நானும் கொஞ்சம் போடறேன்னு சொல்லியிருக்கேன். வேலி வர்ற வரைக்கும் பரண்தான். அறுப்பு சமயத்துல ஒரு வாரம் லீவு போட்டுட்டு நானும் போய் முறை வெச்சு முழிக்கப் போறேன். டார்ச் லைட்டும் ஒரு பழைய தகர டின்னும் எடுத்து வெச்சாச்சு.