தாரா வள்ளம்

கட்டாரில் தச்சு வேலை செய்யும் என் மாமா விடுமுறையில் வரும்போது சொக்கலேட், சவர்க்காரம், உம்மும்மாவுக்குக் கம்பளி என்று வழமையான சாமான்களைத்தான் கொண்டுவருவார். இரண்டு வருடங்களுக்கு முன் வந்தபோது அவற்றுக்கு அடியில் சுருட்டிய நான்கு தாள்களும் இருந்தன. ஒரு சின்ன மர வள்ளத்தின் வரைபடங்கள் அவை. பன்னிரண்டு அடி நீளம், மூன்றரை அடி அகலம், தட்டையான அடி. முதல் தாளின் மூலையில் ஒரு காட்டுத் தாராவின் படம். அமெரிக்காவில் தாரா வேட்டைக்குப் போகிறவர்கள் சதுப்பு நிலங்களில் பாவிக்கும் வள்ளமாம்.

"தாரா பிடிக்கவா மகன் போற?" என்று உம்மும்மா கேட்டார்.

"இல்ல உம்மா, உங்களத் தூக்கிட்டுப் போக."

எங்கள் வீடு இரத்தினபுரிக்குக் கிட்ட, ஒரு தோட்டத்துக்கு ஏறும் பாதையின் அடிவாரத்தில் இருக்கிறது. முன்னால் வாப்பாவின் கடை. பின்னால் வயலும், களுகங்கையில் போய் விழும் ஓர் ஓடையும். களுகங்கை பாவாதமலையில் பிறந்து 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையில் கடலைச் சேர்கிறது. ஆனால் மலையின் உயரத்தையெல்லாம் அது எங்கள் ஊருக்கு வருவதற்குள்ளேயே இறங்கி முடித்துவிடுகிறது. பாய்ந்து வந்த தண்ணீருக்கு இரத்தினபுரியில் சரிவு இல்லை. நின்று, பரந்து, வீடுகளுக்குள் ஏறுகிறது. இரத்தினபுரி அளவுகோலில் 7.5 மீற்றரைத் தாண்டினால் சிறு வெள்ளம், 9.5 மீற்றரைத் தாண்டினால் பெருவெள்ளம் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

2003 மே மாத வெள்ளத்தை நான் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். 2017 மே வெள்ளத்தின்போது எனக்கு ஒன்பது வயது. உம்மும்மாவுக்கு அதற்கு முந்திய வருடம்தான் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போயிருந்தது. வாப்பாவும் மாமாவும் அயல்வீட்டு நானாமார் இரண்டு பேரும் கதிரையோடு அவரைத் தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, அடுத்த வீட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். மருந்துப் பை கீழேயே நின்றுவிட்டது. இரவு ஒரு படகு பெரிய பாதையால் போனது. நாங்கள் டோர்ச்சை ஆட்டினோம், கத்தினோம். படகு நிற்கவில்லை. அதில் வந்தவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. அந்த மழையில், அந்த இருட்டில், அவர்கள் எங்களைக் காணவே இல்லை. விடிந்த பிறகுதான் வேறொரு படகு வந்தது.

மாமா அந்த இரவை மறக்கவில்லை என்பது தாள்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் வேட்டைக்காரனின் வள்ளம் எதற்கு? அவர் சொன்ன காரணம் நியாயமானது. தாராக்கள் மேய்வது ஆழமில்லாத தண்ணீரில். அங்கே போக, நாலு விரல் தண்ணீரிலும் மிதக்கிற, சேற்றில் தட்டினால் ஓர் ஆள் இழுத்துக்கொண்டு போகக்கூடிய வள்ளம் வேண்டும். 1836இல் நியூ ஜேர்சியின் பார்னகற் குடாவில் ஹேசல்டன் சீமன் என்பவர் இப்படிப் பன்னிரண்டு அடியில் ஒன்று கட்டினார். இன்றும் அந்த வகையைக் கட்டுகிறார்கள். வெள்ளம் வந்த எங்கள் ஒழுங்கையும் சதுப்பு நிலம்தான். ஓரிடத்தில் முழங்கால், ஓரிடத்தில் கழுத்து, நடுவில் மதில், முள்ளுக்கம்பி. பெரிய படகு பெரிய பாதையோடு நின்றுவிடும்.

தட்டை வள்ளம் இந்த ஆற்றுக்குப் புதிதும் அல்ல. 1912இல் இரத்தினபுரிக்குப் புகையிரதம் வரும்வரை, சிங்களத்தில் 'பாருவ' என்று சொல்லும் தட்டைப் படகுகள் களுத்துறைக்கும் இங்கேயும் இடையில் சாமான் ஏற்றி இறக்கின. அந்தப் புகையிரதமும் 1976இல் நின்றுபோனது. ஆறு மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மரம் எடுப்பதுதான் முதல் சிக்கல். பலாவும் தெல்லும் நல்ல மரங்கள். ஆனால் வெட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும், பாரமும் கூட. இறப்பர் மரம் எங்களைச் சுற்றி மலைமலையாக நிற்கிறது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து உளுத்துவிடும். பிளைவுட்தான் சரி என்று முடிவானபோது வாப்பா தோட்டத்துப் பெட்டித் தாத்தாவைக் கூப்பிட்டார்.

அவர் தேயிலை ஸ்டோரில் பெட்டி அடித்தவர். தேயிலை இப்போது கடதாசிப் பையில் போகிறது. ஒரு காலத்தில் பிளைவுட் பெட்டியில்தான் போனது. இருபது வருடம் பிளைவுட்டோடு பழகிய கை. (எங்கள் வீட்டில் 'தாத்தா' என்றால் மூத்த சகோதரி. அதனால் உம்மும்மா அவரைக் கடைசிவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்.) கொழும்பிலிருந்து பலகை வந்ததும் அவர் செய்த முதல் வேலை, உள்ளங்கையளவு ஒரு துண்டை வெட்டி, "பாப்பா, இத அவிச்சுக் கொண்டு வாங்க" என்றது. உம்மாவின் நெய்ச்சோற்றுச் சட்டியில் பலகை மூன்று மணித்தியாலம் கொதித்தது. பசை மட்டமானது என்றால் படைகள் பிரிந்துவிடுமாம். பிரியவில்லை. சட்டியில் நெய்ச்சோறு ஆக்க உம்மா இன்றுவரை மறுக்கிறார்.

இந்த வள்ளத்தை ஆணியால் அடிப்பதில்லை, தைக்கிறார்கள். பலகைகளின் ஓரத்தில் ஐந்து அங்குலத்துக்கு ஒரு துளை. துளைக்குள் செப்புக் கம்பியை விட்டு முறுக்க, தட்டையாகக் கிடந்த பலகைகள் வளைந்து எழும்பி வள்ளத்தின் உருவத்துக்கு வருகின்றன. பிறகு மூலைகளில் எபொக்சிப் பசையும் மரத்தூளும் குழைத்துப் பூசி, மேலே ஃபைபர் கிளாஸ் நாடா ஒட்டி, கம்பிகளை வெட்டிவிட வேண்டும். உள்மூலைக் கம்பிகளை முறுக்கப் பெரிய விரல்கள் நுழையாததால் அது என் வேலையாயிற்று. எனக்கு அது புதுமையாக இருந்தது, மாமாவுக்கு இல்லை. 1344இல் இலங்கைக்கு வந்து எங்கள் பாவாதமலையில் ஏறிய இப்னு பதூதா, இந்தக் கடல்களின் மரக்கலங்கள் ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்படுவதை எழுதி வைத்திருக்கிறார். கயிற்றுக்குப் பதில் கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம்.

எபொக்சி எங்கள் ஊர்க் காற்றோடு ஒத்துப்போகவில்லை. ஈரப்பதனில் காய்ந்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்குப் படர்கிறது. அதைத் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சுப் பூசினால் உரிந்துவிடும். பூசி, கழுவி, தேய்த்து, திரும்பப் பூசி, வரைபடம் சொன்ன இரண்டு கிழமை வேலை இரண்டு மாதமாயிற்று. கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "நூஹ் நபிட கப்பல் எந்த மட்டில் இருக்கு?" என்று கேட்பார்கள். ஸூரத்து ஹூதில் அந்தச் சமூகத்தாரும் கப்பலைப் பார்த்துச் சிரித்தார்கள்தானே என்று நான் சொல்ல வாயெடுத்தால், கடை வியாபாரம் கெட்டுவிடும் என்று வாப்பா கண்ணைக் காட்டுவார்.

அடிப்பாகத்தில் தாத்தா வரைபடத்தை ஓர் அங்குலம்கூட மாற்றவில்லை. மேலே எல்லாவற்றையும் மாற்றினோம். வேட்டைக்காரனின் வள்ளம் ஒளிந்துகொள்ளக் கட்டப்பட்டது. மேல்தளம் தாழ்வு, காய்ந்த புல்லின் நிறம், அதற்கு மேலே உண்மைப் புல்லையும் பரப்பி, ஆள் உள்ளே படுத்துக்கொள்வான். பத்து யார் தூரத்திலும் தாராவின் கண்ணில் படக்கூடாது. எங்களுக்கோ நடுச்சாமத்து மழையிலும் கண்ணில் பட வேண்டும். ஆகவே கடும் செம்மஞ்சள் நிறம், சுற்றிவர வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் நாடா, முன்னும் பின்னும் கயிற்றில் கட்டிய விசில். மேல்தளத்தை எடுத்துவிட்டோம். பொய்த் தாராக்களை அடுக்குவதற்கென்று இரு முனையிலும் இருந்த அறைகளைக் காற்றுப் புகாமல் அடைத்தோம். வள்ளம் நிறைந்தாலும் தாழாது. துப்பாக்கி சார்த்தும் இடத்தில் மருந்துப் பை தொங்குகிறது. நம் நாட்டில் காட்டுத் தாராவைச் சுட முடியாது, 1937ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆகவே அந்த இடம் எப்படியும் வெறுமையாகத்தான் கிடந்திருக்கும்.

எஞ்சின் வேண்டாம் என்றது வாப்பா. வெள்ளத்தில் சேலை, கம்பி, வாழைத்தண்டு எல்லாம் மிதக்கும், காற்றாடியில் சிக்கும். ஒரு மூங்கில் கழி, இரண்டு துடுப்பு, எண்ணெய்க் கலனை வெட்டிச் செய்த ஒரு நீர் இறைவை. அடியில் தண்ணீர் வடியும் துளைக்கு ஒரு தக்கை, அது தொலையாமல் இருக்க ஒரு நூல். ஓடும் ஆற்றுக்குள் இறங்குவதில்லை, ஊரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது தெரியாமல் புறப்படுவதில்லை என்பவை வாப்பாவின் சட்டங்கள்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதை நான் கணக்குப் பார்த்தேன். உயர்தர பௌதிகவியல் எனக்கு வீட்டில் உதவிய ஒரே சந்தர்ப்பம் அது. அடிப்பரப்பு ஏறத்தாழ முப்பது சதுர அடி. ஓர் அங்குலம் தாழ்ந்தால் இரண்டரை கன அடி நீரை ஒதுக்கும். அது எழுபது கிலோகிராம். ஆளுக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மிதப்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு. எல்லோரும் அடியில் இருந்தால்தான் வள்ளம் நிதானமாக நிற்கும். உம்மும்மாவுக்குக் கதிரை இல்லை, மெத்தைதான். மூன்று பேர், கழி ஊன்ற ஒருவர்.

ஒக்டோபர் மழையில் வயலில் ஓரடி தண்ணீர் பரவியபோது இறக்கிப் பார்த்தோம். இரண்டு அங்குலத்துக்கு மேல் தாழவில்லை. வரப்பில் தட்டியபோது மாமா இறங்கி ஒரு கையால் இழுத்தார். வயலின் மறு ஓரத்திலிருந்து சீழ்க்கை அடித்துக்கொண்டு ஏழெட்டுக் காட்டுத் தாராக்கள் எழும்பின. இந்த நிறத்தில் போனால் அவை ஏன் எழும்பாது!

மாமா திரும்பிப் போய்விடுவார். வாப்பாவுக்கு முதுகு வலி. கழி யார் ஊன்றுவது என்ற பேச்சு வந்தபோது ஒரு சொந்தக்காரர், "கொமரு புள்ளயா ஊண்டுற?" என்றார். உம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே தடுக்காத ஒரு சல்வாரும், உயிர்காப்பு அங்கிக்குள் அடங்கும் ஒரு பர்தாவும் தைத்தார். அன்றிலிருந்து, வயலில் தண்ணீர் நிற்கும் வெள்ளிக்கிழமைகளில், அஸருக்குப் பிறகு பழகுகிறேன். கழியை நேராக ஊன்றி, கை மேல் கையாக ஏற வேண்டும். சரித்து ஊன்றினால் வள்ளம் போய்விடும், கழியும் நானும் அங்கேயே நிற்போம்.

கூலி கொடுக்கப் போனபோது தாத்தா பாதிதான் வாங்கினார். "முதலாளி, நீங்க தண்ணிக்குப் பயம், நாங்க மண்ணுக்குப் பயம்" என்றார். அவருடைய லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. கடும் மழைக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அவர்கள் இறங்கிப் பாடசாலைக்குப் போக வேண்டும். வழியில் எங்கள் கடைக்கு முன்னாலுள்ள பள்ளம்தான் முதலில் நிரம்பும். மேலே நிற்க முடியாது, கீழே வர முடியாது.

யார் எந்த நடையில் போவது என்று வாப்பா வள்ளத்தின் உட்பக்கத்தில் பெயின்றால் எழுதியிருக்கிறார். முதல் நடை: உம்மும்மா, உம்மா, தம்பி. இரண்டாம் நடை: பெட்டித் தாத்தா, அவருடைய மனைவி, பேரப்பிள்ளை. மூன்றாம் நடை: வாப்பா, கடைக் கணக்குப் புத்தகம். என் பெயர் பட்டியலில் இல்லை. நான் எல்லா நடையிலும் இருக்கிறேன்.