கறுப்புத் துணியும் ரெசினும்

நவம்பர் 26, செங்கல்பட்டு

மழை விட்டபாடில்லை. எபாக்சி ரெசின் கலக்க ஏற்ற நாள் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால், ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் அதை இழுத்துக்கொண்டு மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் கட்டிவிடும்; அடுத்த அடுக்கு அதில் ஒட்டாது. ஆகவே இன்று கத்தரி வேலை மட்டும்.

ரிமோட்டில் பறக்கும் என் மாதிரி ஹெலிகாப்டர் 450 வகை. அதற்குப் பக்கத் தகடுகள், பேட்டரித் தட்டு, வால் துடுப்பு வேண்டும். துணி கார்பன் இழையில் நெய்த 3கே ட்வில், சதுர மீட்டருக்கு 200 கிராம். 3கே என்றால் ஒரு கற்றையில் 3,000 இழைகள். ஓர் இழையின் பருமன் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டுக்கு ஏழு அடுக்கு. வளைவைத் தாங்க நேராகவும், முறுக்கைத் தாங்க 45 பாகையிலும் மாற்றி மாற்றி வெட்டினேன். நடு அடுக்குக்கு மேலும் கீழும் வரிசை ஒன்றுபோல அமைய வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் தகடு அப்பளமாக நெளியும்.

டிசம்பர் 8, கோவளம்

இழையில் ரெசினை ஊறவைக்கும் இந்தத் தொழில் நம் கரைக்குப் புதிதில்லை. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மணலில் ஏற்றி வைத்திருப்பவை பெரும்பாலும் ஃபைபர் போட்டுகள். கட்டுமரம் இருந்த இடத்துக்கு அவை முன்பே வரத் தொடங்கியிருந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் ஏராளமாக வந்தன. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்ததுதான் ஃபைபர் போட்டு. ஒட்டுப்போடும் கைகளும் ஊருக்கு ஊர் உண்டு.

அப்படி ஒருவர் படகின் அடியில் கண்ணாடி இழை மேட் ஒட்டிக்கொண்டிருந்தார். பிரஷ்ஷை அவர் இழுக்கவே இல்லை. நுனியால் குத்திக்கொண்டே போனார்.

"ஏண்ணே, இழுத்துத் தடவக் கூடாதா?"

"இழுத்தா நூலு கலைஞ்சிடும் தம்பி. குத்துனாத்தான் உள்ள இருக்குற காத்து வெளிய வரும். காத்து நின்ன எடத்துலதான் நாளைக்குத் தண்ணி நிக்கும்."

ரெசின் ஊறியதும் வெள்ளை மேட் கண்ணாடிபோலத் தெளிந்தது. ஊறாத இடம் வெள்ளையாகவே தெரிந்தது. கார்பனில் இந்த வசதி கிடையாது. ஊறினாலும் ஊறாவிட்டாலும் கறுப்புதான். அங்கே கண்ணை நம்ப முடியாது, தராசைத்தான் நம்ப வேண்டும்.

ஜனவரி 19, செங்கல்பட்டு

வெயில். துணியின் எடைக்குச் சமமாக ரெசின் நிறுத்தேன். எல்.ஒய். 556 ரெசின், எச்.ஒய். 951 ஹார்டனர்: எடையில் நூற்றுக்குப் பத்து. கப்பில் குவித்து வைத்தால் தானாகச் சூடேறி இறுகிவிடும் என்பதால் அகலத் தட்டில் பரப்பிவைத்தேன். மெழுகு பூசிய கண்ணாடிப் பலகையின்மேல் ஒவ்வோர் அடுக்காகக் குத்திக் குத்தி ஊறவைத்தேன். அதன்மேல் பீல் பிளை என்ற உரித்தெடுக்கும் துணி, பஞ்சு, பிளாஸ்டிக் உறை. பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் உறையிலிருந்த காற்றை உறிஞ்சியதும், மிச்ச ரெசின் பஞ்சுக்கு ஏறியது.

ஜனவரி 21

தகட்டைத் தண்ணீர்த் தட்டில் மூழ்கவைத்து அறுத்தேன். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி, கையுறை இல்லாமல் தொடவே கூடாது. கார்பன் மின்சாரத்தையும் கடத்தும். ரிசீவர் ஆன்டெனாவைத் தகட்டுக்கு வெளியே நீட்டிவைத்தேன். உள்ளே மடக்கினால் சிக்னல் மறையும். கடலோரக்காரர்கள் கவனிக்க இன்னொன்று: உப்புக் காற்றில் அலுமினியமும் கார்பனும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கண்ணாடி இழை அடுக்கு ஒன்று வைத்துவிட்டேன்.

விசிறி பிளேடை மட்டும் வீட்டில் செய்யமாட்டேன். நிமிடத்துக்கு 2,600 சுற்றில் 35 கிராம் பிளேடு ஒன்று ஐம்பது கிலோ அளவுக்கு வெளியே இழுக்கும். அது பிய்ந்தால் எதிரில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கியதைத்தான் மாட்டுகிறேன்.

பிப்ரவரி 9

அறுவடை முடிந்த வயலில் பறக்கவிட்டேன். மாமல்லபுரம் பக்கம் எடுத்துப்போவதில்லை. அருகிலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். 2021 ட்ரோன் விதிகள் வந்தபின் வான்வெளி வரைபடத்தில் பச்சையா சிவப்பா என்று பார்த்துத்தான் எங்கும் எடுக்க வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியின் தக்ஷா ட்ரோன் குழுவுக்கு 2018-இல் நடிகர் அஜித் குமார் ஆலோசகரானபோது, அவருடைய ஹெலிகாப்டர் ஆர்வம் ஊரறிந்தது. அவரைப் பார்த்து ஆசைப்படும் நம் பிள்ளைகள் பறக்கவிடுவதோடு நிற்காமல், பாகம் செய்யும் இந்தக் கைவேலைக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

தகடுகள் அதிரவில்லை. அடுத்தது வால் குழாய். உருண்டை அச்சில் சுருக்கமில்லாமல் துணி சுற்றக் கோவளத்து அண்ணன் கை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.