ஆச்சியின் டிவிக்குச் சத்தம் வந்தது

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஒயர், கரண்ட் என்றாலே இரண்டடி தள்ளி நிற்பேன். அப்படிப்பட்ட நான், எங்கள் வீட்டு டிவியில் காணாமல் போன சத்தத்தைக் கண்டுபிடித்தேன் என்றால் என் பிறந்த வீட்டில் இன்றும் நம்பமாட்டார்கள். வயதானவர்கள் உள்ள வீட்டுச் சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குச் சாத்தான்குளம். என் கணவர் சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் இதுதானே நிலைமை! இங்கே நான், பத்தாவது படிக்கும் மகன், 76 வதான என் அத்தை ஆக மூன்றே பேர்.

மாமா இருந்த காலத்தில் அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்கும் கோயில் கொடைகளுக்கும் மைக்செட் வாடகைக்குக் கொடுத்து வந்தார். தொழிலை விட்ட பிறகு, மிச்சமிருந்த சாமான்களை வைத்து வீட்டுக்கென்று தம் கையாலேயே ஒரு ஆம்ப்ளிபையர் செய்தார். பழைய டிவியின் முதுகிலிருந்து சிவப்பு, வெள்ளை என இரண்டு ஒயர் அந்தப் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து ஒரு ஸ்பீக்கர் அத்தையின் கட்டில் தலைமாட்டுக்குப் போகும். எங்களுக்கு டிவி மெதுவாகப் பேசும். அத்தைக்குக் காதருகே தெளிவாகக் கேட்கும். மாமா காலமாகி ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பெட்டி ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.

2024 தீபாவளிக்கு என் கணவர் ஆசையாகப் பெரிய டிவி வாங்கிக் கொடுத்தார். மாட்ட வந்த பையன் மாமாவின் பெட்டியைப் பார்த்துச் சிரித்தான். "இது அதுக்குச் சேராதுக்கா. புதுசா ஒரு சவுண்ட்பார் வாங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். டிவியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தன. என் மகன் பழைய ஒயரை அதில் செருகிப் பார்த்தான். மூச்சுப் பேச்சில்லை. சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அங்கேதான் தப்பு செய்தோம். அத்தை சத்தத்தைக் கூட்டுவார்கள். பரீட்சைக்குப் படிக்கிற மகன் குறைப்பான். "ஏட்டி, இந்த டிவியில எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுதாவ" என்று சலித்துக்கொள்வார்கள். பிறகு கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். "சாப்பிட வாங்க அத்தை" என்றால் பதில் இராது. இரண்டாம் தடவை நான் குரலை உயர்த்துவேன். "எதுக்குட்டி எரிஞ்சு விழுத?" என்று முகம் வாடிவிடும்.

ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடியில் துணி காயப்போடப் போனேன். "காஸை அணைச்சீங்களா அத்தை?" என்று அங்கிருந்தே கத்தினேன். "அடைச்சிட்டேன், அடைச்சிட்டேன்" என்றார்கள். இறங்கி வந்து பார்த்தால் பால் பொங்கி வழிந்து தீ அணைந்து, வீடு முழுக்க காஸ் வாசம். வாசல் கதவோ பத்திரமாக அடைத்திருந்தது! அணைச்சீங்களா என்று நான் கேட்டது, அடைச்சீங்களா என்று விழுந்திருக்கிறது. அந்தப் பதற்றத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் திரும்பிப் படுத்து அழுதார்கள்.

மறுநாளே காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். காதில் கட்டியாக இருந்த அழுக்கை எடுத்தார், பரிசோதனையும் செய்தார். வயதானால் கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் கேட்காமல் போகுமாம். நம் பேச்சில் ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறதாம். அதனால், பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியாது. 60 வயது தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அன்றாடம் சிரமப்படும் அளவுக்குக் காது மந்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "கத்தாதீர்கள். எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். காது மிஷினும் வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். மிஷின் என்றதும் அத்தை தலையைப் பலமாக ஆட்டிவிட்டார்கள்.

புது டிவி தட்டையாக இருப்பதால் அதன் ஸ்பீக்கர் சின்னது. பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். வார்த்தை சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறது. அத்தை சொன்ன புகார் நூற்றுக்கு நூறு நியாயம் என்று அப்போதுதான் உறைத்தது. சவுண்ட்பார் வாங்கினாலும் அது டிவிக்கு அடியில்தானே இருக்கும்? தலைமாட்டுக்கு வராதே! மாமாவின் பெட்டியை எப்படியும் பேச வைப்பது என்று முடிவு செய்தேன்.

மைக்செட் ஊமையானால் மாமா ஒரு வார்த்தை சொல்வார்: "பெட்டியத் திட்டாதே. குளத்துக்குத் தண்ணி வரலேன்னா எந்த மடையில நின்னுதுன்னுதானே பாப்போம்?" மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊர்க்காரர் வேறு எப்படிச் சொல்வார்! ஸ்பீக்கரில் தொடங்கி ஒவ்வொரு மடையாகப் பின்னோக்கிப் போவார். நானும் அப்படியே போனேன்.

முதலில் ஆம்ப்ளிபையர். ஒரு முனையில் இயர்போன் குச்சியும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளையும் உள்ள ஒயர் ஒன்று வாங்கி, மகனின் பழைய செல்போனைப் பெட்டியோடு இணைத்தேன். பாட்டு கணீரென்று வந்தது. ஆக, பெட்டியும் ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கின்றன.

அடுத்த மடை டிவியின் முதுகு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துத் துளைக்குத் துளை படித்தேன். நாங்கள் செருகிய மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளின் மேல் 'இன்' என்று போட்டிருந்தது. அது வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் வாசல், வெளியே கொடுக்காது! பழைய டிவியில் 'அவுட்' இருந்தது, இதில் இல்லை. அதற்குப் பதிலாக, குட்டிக் கதவு வைத்த ஒரு சதுரத் துளை. பெயர் ஆப்டிகல். அதில் சத்தம் கரண்டாக வராமல் சிவப்பு வெளிச்சமாக வரும். அந்த வெளிச்சத்தைச் சிவப்பு, வெள்ளை ஒயருக்குப் புரியும்படி மாற்றித் தர, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கன்வர்ட்டர் கிடைக்கிறது. திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய், கேபிளோடு சேர்த்து 700 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

மாட்டினேன். சத்தமில்லை. கேபிள் நுனியில் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் மூடி இருந்தது, அதைக் கழற்றினேன். அப்போதும் இல்லை. ரிமோட்டை எடுத்து 'சவுண்ட் அவுட்புட்' என்ற இடத்தில் 'டிவி ஸ்பீக்கர்' என்றிருந்ததை 'ஆப்டிகல்' என்று மாற்றினேன். தலைமாட்டு ஸ்பீக்கரில் செய்தி வாசிக்கிற குரல் கேட்டது!

சந்தோஷம் ஒருநாள்தான். மறுநாள் படம் போட்டால் மறுபடி ஊமை. செய்திக்கு மாற்றினால் பேசுகிறது. என் மகன்தான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னான். சில படங்களின் சத்தத்தை டால்பி என்ற முறையில் மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். எங்கள் சின்னக் கன்வர்ட்டருக்கு அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரியாது. உடன்குடிக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியோடு குழந்தை கையில் கொடுத்தால் அது என்ன செய்யும்? நாம்தான் பிரித்துக் கொடுக்கவேண்டும். 'டிஜிட்டல் சவுண்ட்' என்ற இடத்தில் 'ஆட்டோ' என்பதை 'பி.சி.எம்.' என்று மாற்றினோம். அன்றிலிருந்து எல்லாமே பேசுகிறது.

இதே தொல்லை உள்ள சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

ஒயரைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆம்ப்ளிபையர் மூடியைத் திறக்கவே வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

ஆம்ப்ளிபையரில் எந்த இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் பட்டன் இருந்தால், ஒயர் செருகிய இடத்துக்கே அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுடையது புது மாதிரி ஆம்ப்ளிபையர் என்றால், கன்வர்ட்டர் தேவைப்படாமல் போகலாம். 2009-ல் வந்த ஏ.ஆர்.சி. என்ற வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டிவியிலும் ஆம்ப்ளிபையரிலும் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில்தான் கேபிளைச் செருகவேண்டும். 'சி.இ.சி.' என்பதையும் செட்டிங்ஸில் ஆன் செய்யவேண்டும்.

ஆப்டிகல் வழியில் பெரும்பாலும் டிவி ரிமோட் சத்தத்தைக் கூட்டாது, குறைக்காது. ஆம்ப்ளிபையர் திருகைத்தான் திருப்பவேண்டும். முதலில் குறைத்து வைத்துவிட்டு மெல்லக் கூட்டுங்கள்.

படம் சரியாக ஓடிய அன்று அத்தையைக் கட்டிலில் உட்காரவைத்து, பெருமையோடு திருகைக் கூட்டினேன். அத்தை கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "குறைச்சு வைட்டி. அவிய இம்புட்டுச் சத்தம் வைக்கமாட்டாவ" என்றார்கள். சொல்லிவிட்டு, மாமா செய்த பெட்டியை முந்தானையால் துடைத்தார்கள்.

மாமாவின் பெட்டி டிவிக்குத்தான் உதவும். மனிதர்கள் பேசுவதற்கு உதவாதே. அதையும் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பொங்கல் கழிந்து, "சரி, அந்த மிஷினையும் மாட்டித்தான் பாப்போமே" என்று அத்தையே வாய்திறந்து சொன்னார்கள். இப்போது காலையில் மாட்டிக்கொண்டு, இரவில் கழற்றி டப்பாவில் வைக்கிறார்கள்.

நானும் மாடியிலிருந்து கத்துவதை விட்டுவிட்டேன். எதிரே போய் நின்று, "காஸை அணைச்சாச்சா அத்தை?" என்று கேட்கிறேன். "அணைச்சாச்சு, கதவையும் அடைச்சாச்சு" என்று சிரிக்கிறார்கள்.